கையை மடியில் வைத்திருந்தவர்

அரசலாற்றுப் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பேருந்து வந்தது. அதை முந்தப் பார்த்துக்கொண்டு இன்னொரு பேருந்து. நான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் வேறு யார் இருந்தாலும் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள். அவர் பிடிக்கவில்லை. தன் காலடியில் இருந்த பிரேக்கை மட்டும் அழுத்தினார். கார் ஓரமாக நின்றது. பேருந்துகள் இரண்டும் ஹாரன் அடித்தபடி கடந்து போயின.

"கண்ணைத் தொறந்து வெச்சிக்கிட்டா இன்னும் கொஞ்சம் நல்லா வரும் டீச்சர்," என்றார்.

அப்போதும் அவருடைய கைகள் மடியில்தான் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, பந்தியில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருப்பவரைப் போல.

காரைக்காலில் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதிருக்கும். கருக்களாச்சேரி மீனவக் கிராமத்துக்காரர். கடலுக்குப் போகாமல் மீன் லாரியில் ஏறிவிட்டவர். பல வருடம் கேரளாவுக்கு ஐஸ் பெட்டிகளோடு போய் வந்தபின் சொந்தமாக ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, மேலே மஞ்சள் பலகை மாட்டி, தனி ஆளாகப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அவரிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதற்குக் காரணம் அவருடைய கைகள்.

நான் தலத்தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போகிறவள். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பழைய கார் ஒன்று வாங்கியதும் என் கணவர்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வந்தார். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் மாஸ்டரிடம் சேர்ந்தேன்.

அவர் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சுவரில் இடித்தாலும், ஆட்டுக்குட்டியைப் பார்த்து வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டாலும், "இன்னொரு தடவ" என்பார். சனிக்கிழமை வகுப்பு கிடையாது. திருநள்ளாற்றுக்கு வரும் வெளியூர்க் கார்களுக்கு நடுவில் பழகுபவர்களை விடக் கூடாது என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கியர் மாற்றிக்கொண்டே போக வேண்டும். போகும்போது என்ன மீன் வந்திருக்கிறது, யார் படகில் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டே வருவார். பேச்சில் நம் பயம் குறைந்திருக்கும்போது, "அப்படியே மூணு" என்பார். நாமும் மூன்றாவது கியர் போட்டிருப்போம்.

ஒருநாள் கேட்டேன், "நீங்க ஏன் மாஸ்டர் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேங்கறீங்க?"

"லாரியில கிளீனரா இருந்தப்ப டிரைவரு ஓட்டக் குடுப்பாரு. குடுத்துட்டு அவரும் புடிச்சிக்குவாரு. நாகூரு தாண்டறதுக்குள்ள ரெண்டு பேரு கையும் சண்ட போடும். ஓட்டுறது யாருன்னு வண்டிக்கே தெரியாது."

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. உங்கள மாதிரி வர்றவங்க பாதிப் பேரு வீட்ல பேசிச் சம்மதம் வாங்கிட்டு வர்றதே பெரும்பாடு. வந்த எடத்துல என் கை எங்க இருக்குதுன்னு பார்த்துக்கிட்டே ஓட்டக் கூடாதுல்ல. அதான், கண்ணுக்குத் தெரியற மாதிரி மடியில."

இதைச் சொன்ன ஆண் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

எனக்கு முந்தின வகுப்பில் ஓர் அம்மா கற்றுக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல். இரண்டு மகன்களும் துபாயில். வீட்டு ஷெட்டில் கார் தூங்குகிறது. அந்த அம்மாவுக்கு நான்கு மாதமாகியும் கிளட்ச்சைப் பதமாக விட வரவில்லை. மாஸ்டரும் சலிக்காமல் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் வண்டி அணையாமல் தெரு முனை திரும்பியதும் அந்த அம்மா அழுதுவிட்டாராம். மாஸ்டர் என்ன செய்தார் என்று அந்த அம்மாவே எனக்குச் சொன்னார்: "தம்பி அந்தப் பக்கம் திரும்பி ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் கண்ணைத் தொடச்சி முடிக்கிற வரைக்கும்."

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அதைச் செய்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. இருபதாவது வகுப்பு. கடற்கரைச் சாலையில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று அவருடைய வலது கை மடியிலிருந்து எழும்பி, முழங்கையில் மடங்கி, என் தொடையில் வந்து விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகத்தின் வலது பாதி மேலே இழுபட்டிருந்தது. கண் சுருங்கி, உதட்டோரம் உயர்ந்து. கண்ணடித்துச் சிரிக்கிறவரின் முகம். இரண்டு விநாடிகூட இருக்காது. கை திரும்ப மடிக்குப் போய்விட்டது. அவர் ரோட்டைப் பார்த்து, "அப்படியே ரெண்டுக்கு வாங்க, முன்னால நாய் படுத்திருக்கு," என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். "டீச்சர், என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

தொட்டதைச் சொன்னதற்காக எனக்கு இன்றும் வெட்கமில்லை. எந்தப் பெண்ணும் சொல்லத்தான் வேண்டும். என் வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பகுதிப் பெண்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு உண்டு. தண்ணீர் வரும் நேரம், கேஸ் சிலிண்டர், யார் வீட்டு விசேஷம் என்று ஓடும். அதில் நான் எழுதினேன். கார் மாஸ்டரிடம் போகிறவர்கள் கவனமாக இருங்கள். இன்று என்மேல் கை வைத்தார். கண்ணடித்தார். இது முதல் தடவை இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம் பொய். அதுதான் முதல் தடவை. ஒரு தடவை என்று சொன்னால் "தெரியாமப் பட்டிருக்கும்" என்பார்கள் என்று பயந்து சேர்த்துக்கொண்டேன். விரல் நிற்கவே இல்லை.

என் கணவர் அவருக்குப் போன் செய்தார். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது. "எந்தக் கை சார்? நான் கையை எடுக்கவே இல்லையே சார்." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "பாத்தியா, எப்படி நடிக்கிறான்னு," என்றார் என் கணவர் போனை வைத்துவிட்டு.

குழுவில் மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். எனக்கும் ஒரு தடவை கை பட்டது என்றார் ஒருவர். போன வாரம் காரணமே இல்லாமல் கத்தினார், பயந்துவிட்டேன் என்றார் இன்னொருவர். கேட்டதையே மூன்று தடவை கேட்கிறார், குடித்துவிட்டு வருகிறாரோ என்று ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் ஓர் ஆளைக் குடிகாரர் என்று நம்ப வைப்பது கஷ்டமில்லை. அவருக்காகப் பேசியது ஒரே ஒருவர். கிளட்ச் விட வராத அந்த அம்மா. "அந்தத் தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான் அதற்குக் கீழே எழுதினேன்: உங்கள் வயதில் உங்களிடம் ஏன் அப்படி நடக்கப்போகிறார்.

அந்த அம்மா அன்றே குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். நான் அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அவரிடம் யாரும் இல்லை. மஞ்சள் பலகையோடு அந்தக் கார் கருக்களாச்சேரியில் அவர் வீட்டு முன்னால் தார்ப்பாய் மூடி நிற்பதாகச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவரைப் பார்த்தேன். நான் பேருந்துக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பெஞ்சில் தனியாக இருந்தார். கையில் டீ கிளாஸ். வலது பக்க முகம் இழுத்தது. கண் சுருங்கியது. அதே நொடியில் கை வெட்டிக்கொண்டு மேலே போக, கிளாஸ் எகிறி விழுந்து உடைந்தது. அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கும்போதே இன்னொரு தடவை. கடைக்காரர் வேறு கிளாஸில் டீ கொடுத்தார். அதை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நின்றவர்கள், "காலையிலயே ஏத்திட்டாரு போல," என்று சிரித்தார்கள். பேருந்து கிளம்புவதற்குள் மூன்றாவது தடவையும் முகம் இழுத்தது. அவர் பக்கத்தில் எந்தப் பெண்ணும் இல்லை. யாருமே இல்லை.

வலது கையை அப்படிப் போட்டு உட்கார்ந்ததை என்னுடைய கடைசி வகுப்புக்கு முந்தின இரண்டு வகுப்புகளிலும் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை ஓடிப்போகாமல் காவல் காக்கிற மாதிரி. கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்பது அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. கை நடுங்கும் மாஸ்டரிடம் யார் வண்டி பழக வருவார்கள்? மறைத்திருக்கிறார்.

அன்று பதினொன்றாம் வகுப்பில் எனக்கு நரம்பு மண்டலம். வருடா வருடம் எடுக்கும் பாடம். இரண்டு நரம்பணுக்கள், நடுவில் இடைவெளி, இந்தப் பக்கம் குமிழ்கள், அந்தப் பக்கம் ஏற்பிகள். கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். ஒரு தசை அசைவதற்கு நம் விருப்பம் மட்டும் போதாது, இங்கே இருக்கும் புரதங்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், இவை கெட்டால் நாம் நினைக்காத அசைவும் வரும், நினைக்காத குணமும் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது. காலையில் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கைக்கு வியாதி என்றால், நான் எழுதியதற்கு என்ன பெயர்? நான்காவது வாக்கியத்தை என்ன செய்வது? அந்த அம்மாவுக்கு எழுதியதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டேன். நல்ல டாக்டரிடம் காட்டாமலா இருப்பார்கள்?

அந்த வாரமே ஒரு மாலையில் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கன்வாடியில் சமையல் வேலை பார்ப்பவர். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். புடவையில் மஞ்சள் கறை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன்.

"நான் சண்டைக்கு வரல டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னைக்கு உங்க மேல பட்டது எந்தக் கை?"

"வலது கை," என்றேன்.

"சோத்துக் கை." தலையை ஆட்டிக்கொண்டார். "வீட்லயும் அந்தக் கைதான். சாப்பிடறப்ப தட்டைத் தட்டிவுடுது. என்னய்யான்னா ஒண்ணுமில்லங்கறாரு. டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு முன்னாடி ஒக்காந்திருந்த கால் மணி நேரமும் ஒண்ணும் வரல. நரம்புத் தளர்ச்சின்னு சத்து மாத்திர குடுத்தாரு. வேற யாராச்சும் கிட்டத்துலேர்ந்து பார்த்திருந்தா என்னா ஏதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. மொகமும் கூட சேர்ந்து இழுக்குதான்னு அவரு கேட்டாரு. எனக்குச் சரியாத் தெரியல. நான் எப்பவும் அடுப்படியில, அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிப்பேன். நீங்க பக்கத்துல இருந்தவங்க. மொகம் இழுத்துச்சா டீச்சர்?"

கூடத்தில் என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

முகம் இழுத்தது என்று சொன்னால், அவர் கண்ணடிக்கவில்லை என்று ஆகிவிடும்.

"கவனிக்கல," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி நின்றார். சந்தேகத்தோடு இல்லை. இன்னும் ஏதாவது ஞாபகம் வருமா என்று காத்திருந்தார். பிறகு, "சரிங்க டீச்சர்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சித்திரை முடியும்போது அவருக்குப் பெரிய வலிப்பு வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். "அந்தக் கார் மாஸ்டருக்கு மூளையில ஏதோவாம். உங்களுக்குத் தெரியும்ல?" என்று என்னிடமே கேட்டார்கள். அன்று வீட்டில் என் கணவரிடம், டீக்கடையில் பார்த்ததைச் சொன்னேன். "விடு. நாம என்ன டாக்டரா?" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று தெரிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருக்களாச்சேரிக்குப் போனேன். வாசலில் வலை உலர்த்தியிருந்தார்கள். அவர் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருந்தில் முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். ஏன் பாதியிலயே நிறுத்திட்டீங்க?"

அவருக்கு நான் தலத்தெரு டீச்சர் என்பது தெரிந்திருந்தது. எனக்கு ரிவர்ஸ் வராது என்பதுகூட. தை மாதத்துக்குப் பிறகு நடந்த எதுவும் தெரியவில்லை. என் கணவர் போன் செய்தது, ஆட்கள் நின்றுபோனது, வலிப்பு, ஆஸ்பத்திரி எதுவுமில்லை. புதிதாக நடப்பதும் சரியாகத் தங்குவதில்லை என்றார் அவர் மனைவி. காலையில் வந்தவர்களை மாலையில் கேட்டால் இல்லை என்பாராம்.

"கை இழுக்கறது நின்னுடுச்சு டீச்சர். கோவமும் போயிடுச்சு. பழைய ஆளா ஆயிட்டாரு. ஞாபகந்தான்." அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். இரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஏதோ வரைந்திருந்தது. "அங்க ஒரு டாக்டரம்மா எனக்காக வரைஞ்சி காட்டினாங்க. பாதிதான் புரிஞ்சுது. நீங்க இதானே பாடம் எடுக்கறீங்க. கொஞ்சம் சொல்லுங்க."

இரண்டு குமிழ்கள், நடுவில் இடைவெளி. நான் கரும்பலகையில் வரைவதே. இடைவெளியில் ஒரு சின்னக் கோடு கூடுதலாக இருந்தது.

"ரெண்டு நரம்பும் ஒட்டிக்கிட்டு இருக்காது அக்கா," என்றேன். "நடுவுல துளி இடைவெளி. இந்தப் பக்கத்துலேர்ந்து அனுப்பறத அந்தப் பக்கம் ஏற்பின்னு ஒண்ணு வாங்கிக்கும். எவ்வளவு அனுப்பணும், எத்தன ஏற்பி எங்க நிக்கணும்னு எல்லாம் ஒரு ஒழுங்குல இருக்கறதுக்கு, இதோ இந்தக் கோடு, இது ஒரு புரதம். ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் புடிச்சிக்கிட்டு இருக்கும்."

"இதைத்தான் அவரு ஒடம்பே அடிச்சிடுச்சுன்னாங்க."

"ஆமா. காய்ச்சல் கிருமிய எதுக்கறதுக்கு ஒடம்புல எதிர்ப்பொருள் உண்டாகும். அது இந்தப் புரதத்த எதிரின்னு நெனச்சிப் போய் ஒட்டிக்கிச்சு. அப்ப இந்தப் புடி விட்டுப்போவும். அடங்கி இருக்க வேண்டிய எடத்துல நரம்பு அதிகமா துடிக்கும். ஞாபகம் பதிய வேண்டிய எடத்துல பதியாது. கோவம், சந்தேகம் எல்லாம் வரும். இரத்தத்துல உப்பு கொறயும்."

"உப்பு கொறஞ்சிதான் இருந்துச்சு." அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கைய அவரு தூக்கல."

"தூக்கல அக்கா."

"எங்கிட்ட கத்துனதும் அவரு இல்ல."

"இல்ல."

"உங்க பேச்சக் கேட்டுட்டுப் பத்து நாளு நான் அவருக்கு என் கையால சோறு போடல டீச்சர். எடுத்துப் போட்டுக்கன்னு சொல்லிட்டேன். போட்டுக்கறப்ப கொட்டும். அதுக்கும் திட்டுவேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அந்த டாக்டரம்மா சொன்னாங்க, கையும் மொகமும் ஒரே பக்கம் சேர்ந்து வெட்டி இழுத்தா இந்த வியாதிதான்னு பார்த்த ஒடனேயே சந்தேகம் வந்துருமாம். யாராச்சும் அதை முன்னாடியே சொல்லியிருந்தா மருந்த அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம், ஞாபகம் இவ்வளவு போயிருக்காதுன்னாங்க. யாருங்க சொல்றது? பார்த்தவங்க யாருமில்லயே."

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"நான் பார்த்தேன் அக்கா."

அவர் நிமிர்ந்தார்.

"மொகம் இழுத்தத அன்னைக்குக் கார்லயே பார்த்தேன். அப்பறம் டீக்கடையிலயும் பார்த்தேன், மூணு தடவ. நீங்க வந்து கேட்டப்ப எனக்குத் தெரியும். கவனிக்கலன்னு பொய் சொன்னேன். முதல் தடவ இல்லன்னு எழுதினதும் பொய்."

அவர் அழவில்லை. கத்தவும் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது வருகிறதா என்று. அன்று என் வீட்டு வாசலில் நின்று பார்த்த அதே பார்வை.

"என்னா பொய்?" என்றார் மாஸ்டர் நாற்காலியிலிருந்து. "எதுக்கு டீச்சர் நிறுத்தினீங்க?"

"சொல்லுங்க," என்றார் அவர் மனைவி. "கேக்கறாருல்ல. அவருகிட்டயும் சொல்லுங்க."

நான் சொன்னேன். கை பட்டது, நான் இறங்கிப் போனது, எழுதியது எல்லாம். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியதை இன்றும் என்னால் தள்ள முடியவில்லை. நான் எழுதியது, மறைத்தது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் விழுந்தது.

"என் கையா? உங்க மேலயா?"

"அது வியாதி மாஸ்டர். நீங்க செய்யல."

"பட்டுச்சா இல்லயா?"

"பட்டுச்சு. ஆனா..."

அவர் எழுந்து நின்றார். நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்குங்க டீச்சர்," என்றார். "நான் அப்படி ஒரு நாளும்... மன்னிச்சிக்குங்க." நான் கேட்க வந்த மன்னிப்பை அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.

வாசலில் அவர் மனைவி என்னிடம் சொன்னார், "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது. எழுதின எடத்துல எழுதுங்க."

அன்று மாலையே எழுதினேன். எதையும் விடாமல், நான்கு வாக்கியங்களில் எது பொய், எதை எப்போது மறைத்தேன் என்று. கைப்பேசியைத் திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், "பாவம், இப்ப எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். இன்னொருவர், நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதன்பிறகு பேச்சு தண்ணீரில் போய்விட்டது. முதலில் எழுதியதைத் தெரு முழுக்கப் படித்தார்கள். இதை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை. கட்டாயம் படித்திருக்க வேண்டிய அந்த அம்மா குழுவில் இல்லை. அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அந்தத் தம்பிக்கு மருந்து எல்லாம் கிடைக்குதா?" என்று மட்டும் கேட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி கருக்களாச்சேரிக்குப் போனேன். அவர் மனைவி தெருவிலேயே என்னை நிறுத்தினார்.

"போன வாரம் நீங்க போனப்பறம் அன்னைக்குப் பூரா அவரு சாப்பிடல. அந்தக் கையைக் கைலியில தொடச்சிக்கிட்டே இருந்தாரு. சாயங்காலம் அழுதாரு. மறுநா காலையில எல்லாம் மறந்துபோச்சு. நல்லவேளன்னு இருந்தேன். இனிமே அதச் சொல்லாதீங்க," என்றார்.

உள்ளே போனேன். அவர் அதே நாற்காலியில் இருந்தார். அதே சிரிப்பு.

"வாங்க டீச்சர். ஏன் பாதியிலயே நிறுத்திட்டீங்க?"

"ஸ்கூல்ல பரீட்சை வேலை மாஸ்டர். பேப்பர் திருத்தறதுக்கே நேரம் பத்தல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் நிம்மதியாக. "நீங்கெல்லாம் காரணமில்லாம நிறுத்தற ஆளு இல்ல. லீவு வரட்டும், ரிவர்ஸ் மட்டும் பார்த்துட்டா போதும்."

"சரி மாஸ்டர்."

அந்தப் பொய் துளிகூடத் தடுக்காமல் வந்தது. மற்ற பொய்கள் வந்த அதே வேகத்தில். அவர் மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று, அது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.